பாவாயி பேரில் நானூறு பங்கு

எங்கள் ஊர்ப் பெண்களின் நோய் எந்த மிஷினிலும் தெரியாமல் போன வருடம், திருச்செங்கோட்டில் மழை வழக்கம்போல் ஏமாற்றியது, வைகாசித் தேர் வழக்கம்போல் ஓடியது, ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகள் வழக்கம்போல் வடக்கே போய் வேலையில்லாமல் வடக்கேயே நின்றன, அதனால் அந்த வருடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

முதலில் தெரிந்தது ரிக் சங்கத் தலைவர் வையாபுரி வீட்டில். அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நேராக இருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் நேராக இருந்தது. டாக்டரம்மா படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் கையை நம்பி மாவுக்கட்டுப் போட்டார். அதற்கடுத்த வாரம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ஸ்கேன் எடுக்கப் போனாள், வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று வந்தது, அவளும் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இருபத்தாறு நாள் கழித்து மூன்று கிலோவில் ஆண் பிள்ளை பெற்றாள். சக்கரை வியாதிக்காரப் பெண்கள் எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டு வந்தது. காலையில் பார்த்தாலும் தொண்ணூற்றெட்டு, கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றுவிட்டு வந்து பார்த்தாலும் தொண்ணூற்றெட்டு. பத்து வருடமாகக் கேழ்வரகுக் களியே கதி என்று இருந்தவர்கள் பச்சரிசிச் சோற்றுக்குத் திரும்பினார்கள், நாலைந்து மாதத்தில் அவர்களில் சிலருக்குக் கால் விரல் கறுத்தது, அந்தக் கறுத்த விரலோடு போய்ப் பார்த்தாலும் தொண்ணூற்றெட்டு.

இது எங்கிருந்து வந்தது என்றால், கிருபாகரனிடமிருந்து வந்தது. கிருபாகரன் சங்ககிரி ரோட்டில் ரிக் உதிரிபாகக் கடைக்கு மாடியில் ஷேர் ஆபீஸ் வைத்திருப்பவன். ஆயிரத்தைந்நூறு அடி போட்டும் தண்ணீர் வராமல் புகைதான் வருகிறது, தொழில் படுத்துவிட்டது, இருக்கிற காசை எங்கே போடுவது என்று ரிக் வண்டிக்காரர்கள் அவன் மாடிப்படி ஏறியபோது, அவன் தீபகிரி மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்கிற கம்பெனியைக் காட்டினான். சக்கரை பார்க்கிற மிஷின், ரத்தம் பிரிக்கிற மிஷின், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் செய்கிற கம்பெனி. அவன் சொன்ன காரணம் எங்களுக்கு உடனே பிடிபட்டது. ரிக்கை விற்கிறவன் ஒருமுறைதான் விற்கிறான், ஆனால் அதில் மாட்டிப் பாறை குடைகிற பிட்டை நமக்கு ஆயுசு முழுக்க விற்கிறான் இல்லையா, அதே மாதிரிதான் சக்கரை மிஷினும், மிஷினை ஒருமுறை விற்பான், ரத்தம் தொடுகிற அட்டையைத் தினம் விற்பான் என்றான். இன்னொன்றும் சொன்னான். வேறு எந்தக் கம்பெனி மிஷினைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே தீபகிரிக்காரன் செய்த சில்லு ஒன்று இருக்கும், இந்தியாவில் எவன் படுத்தாலும் இவனுக்குக் காசு என்றான். நான் படித்தது ஐந்தாவது. அவன் போட்ட கணக்கு எனக்குப் புரியவில்லை, பிட்டு புரிந்தது.

வாங்கினோம். எங்கள் ஊரில் ரிக் வண்டி வாங்கினால் மனைவி பேரில் வாங்குவதுதான் வழக்கம், வண்டி நெற்றியிலும் அவள் பேரைத்தான் எழுதுவார்கள், ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் காட்டுக்கு நடுவே எங்கள் பெண்களின் பேர்கள் புழுதியோடு நின்றுகொண்டிருக்கும். ராசி என்பார்கள். நொடித்தால் கடன்காரன் கை வைக்க முடியாது என்பதும் உண்டு. பங்கையும் அப்படியே மனைவி பேரில் வாங்கினோம். கணக்கு அவள் பேரில், போன் நம்பர் நம்முடையது, பங்கை வேறு பேருக்கு மாற்றுகிற கையெழுத்துச் சீட்டுப் புத்தகம் பீரோவில் புடவைக்கு அடியில். நான் பாவாயி பேரில் நானூறு பங்கு வாங்கினேன், நூற்று நாற்பது ரூபாய்க்கு. இரண்டு வருடத்தில் அது அறுநூறைத் தாண்டியது.

பாவாயியின் தம்பி அத்தியப்பன் மட்டும் வாங்கவில்லை. அவனுக்குப் பெண்டாட்டி செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது, யார் பேரில் வாங்குவது என்று ஊரில் கேலி பேசினார்கள். அடுத்தவன் நோவில் காசு பண்ணுகிற கம்பெனி எனக்கு வேண்டாம் என்று அவன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நானும் அவனும் பேசிப் பத்தொன்பது வருடம். ஒரு காலத்தில் ரிக் ஒன்றை இருவரும் பாதிப் பாதி வைத்திருந்தோம். நான் ராய்ப்பூர்ப் பக்கம் எழுநூறு அடியில் சிக்கிய ராடை எடுக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, இவன் ஊரில் உட்கார்ந்துகொண்டு தன் பாதியை முன்பின் தெரியாத ஒருவனுக்கு விற்றுவிட்டான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவனை நான் அழைக்கவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்துப் பங்காளி ஒருவன் நின்றான், பாவாயி அன்றைக்கு முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு நான் காரணமில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மிஷின் ஏன் இப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்தது வேலூர் ரோட்டில் லேப் வைத்திருக்கும் ரோசலின். முதலில் அவள் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கம்பெனிக்கு எழுதினாள், டை கட்டிய ஓர் இன்ஜினியர் வந்தான். அவன் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. மிஷினைக் கழற்றிப் பார்த்து, மாட்டி, சரியாக இருக்கிறது என்று காட்டத் தன் ரத்தத்தையே கொடுத்தான். எல்லாம் நல்லபடி என்று வந்தது. தான் மூன்று வாரமாகச் சாப்பிட முடியாமல் இருப்பதாகவும், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மனசு லேசானதாகவும் சொல்லிவிட்டு, கம்பெனி தனக்கு இந்த வருடம் போனஸுக்குப் பதிலாகப் பங்கு கொடுத்ததையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனான். ரோசலின் அன்றைக்கே எதிர்க்கடைத் தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தாள், பங்கு என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் பொம்பளைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. பிறகு கிருபாகரனிடம் போய் அவன் கணக்குப் பட்டியலை வாங்கித் தன் ரிஜிஸ்டரோடு வைத்துப் பார்த்தாள். பட்டியலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தொண்ணூற்றெட்டு. பங்கு வைத்திருப்பவர்தான் மிஷினுக்கு முதலாளி, மிஷின் தன் முதலாளி உடம்பில் குறை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊர் இதை ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. ரோசலின் லேப் வாசலில் சாப்பிடாமல் வரவும் என்ற பலகைக்குக் கீழே தீபகிரி இல்லாமல் வரவும் என்று இன்னொரு பலகை மாட்டினாள். டாக்டரம்மா பழையபடி நாக்கைப் பார்க்கவும் வயிற்றைத் தட்டிக் கேட்கவும் ஆரம்பித்தார், பாதரசம் போட்ட தெர்மாமீட்டருக்குக் கிராக்கி வந்தது, ஏனென்றால் அதற்குள் சில்லு இல்லை. உடம்பு சரியில்லாத பெண்கள் திங்கட்கிழமை பங்கை விற்றார்கள், மறுநாள் கம்பெனிப் பட்டியலிலிருந்து பேர் போய்விடும், புதன்கிழமை ரத்தம் கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை மறுபடி வாங்கினார்கள். போக ஒரு கமிஷன், வர ஒரு கமிஷன் என்று கிருபாகரன் மாடியில் ஏசி போட்டான். யார் வீட்டில் பங்கு விற்றார்கள் என்று பார்த்தே யார் வீட்டில் நோய் என்று பேசினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் பேரில் எத்தனை பவுன் என்று கேட்பதோடு எத்தனை தீபகிரி என்றும் கேட்டார்கள், இருந்தால் ஒரு பக்கம் சந்தோஷப்பட்டு இன்னொரு பக்கம் சந்தேகப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட் போகிற நர்சுப் பெண்கள் மட்டும் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

இப்படி எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் கம்பெனி போனஸ் அறிவித்தது. ஒன்றுக்கு ஒன்று. அடுத்த மாதம் இருபத்துநான்காம் தேதி யார் பேரில் பங்கு இருக்கிறதோ அவர்களுக்கு இரண்டு மடங்காகும். செய்தி வந்த அன்றே பங்கு எழுநூற்றுப் பத்துக்குப் போனது. ரிக் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நோய் பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு விற்க ஆரம்பித்தால் விலை விழும், எல்லாருக்கும் நஷ்டம், அதனால் இருபத்துநான்கு தாண்டும் வரை ஒருவரும் விற்கக் கூடாது, விற்றவனுக்குச் சங்கத்தில் பைப்பு கிடையாது, கம்ப்ரசர் கிடையாது என்று வையாபுரி சொன்னார். மனைவி கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த மனிதர் சொன்னார். நாங்கள் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். வையாபுரி என்னை எப்போதும் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார், அன்றைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்.

பாவாயிக்கு அப்போது ஒரு மாதமாக இடது விலாவுக்குக் கீழே வலி. முதலில் வாயு என்றாள், பெருங்காயம் கரைத்துக் குடித்தாள். பிறகு சாயங்காலமானால் மேல் சூடானது. சிறுநீர் நிறம் மாறியிருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள், அதைச் சொல்ல அவள் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அந்த மாதிரிப் பேச்சை என்னிடம் பேசியதில்லை. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைக்கு ஏதோ தட்டுப்படுகிறது, என்னவென்று கை சொல்லாது, ஸ்கேன் சொல்ல வேண்டும், பங்கை விற்றுவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் காலண்டரைப் பார்த்தேன். தேதி ஐந்து.

"இன்னும் பத்தொம்பது நாளுதான் பாவாயி," என்றேன். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டீன்னா நானூறு எண்ணூறாயிரும்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியோணுங்க," என்றாள்.

"தெரியாமயா போயிரும்? இருவத்தஞ்சாந் தேதி முதல் ஆளா வித்துப் பாத்துக்கலாம்."

"அது வரைக்கும் நான் இருந்தாப் போதும்ங்கறீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவள் கீரையில் காம்பு ஒரு பக்கமும் இலை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். சங்கத்தில் கை தூக்கியதை எடுத்துச் சொன்னேன். அத்தியப்பன் முன்னால் ஒரு நாளாவது நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நினைத்ததைச் சொல்லவில்லை, ஆனால் அது அவளுக்குத் தெரியும். அவன் விற்ற பாதி ரிக்கின் விலையை இந்த எண்ணூறு பங்கு தாண்டிவிடும் என்று நான் விரல் விட்டு எண்ணியதை அவள் பார்த்திருக்கிறாள்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. திங்கட்கிழமைச் சந்தைக்குப் போகிறேன் என்று போனவள் கிருபாகரன் மாடிக்குப் போயிருக்கிறாள். விற்பதென்றால் போனுக்கு நம்பர் வரும், போன் என்னிடம் இருக்கிறது. போன் இல்லாமல் இதிலிருந்து தன் பேரை எடுக்க வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறாள். கிருபாகரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, விற்கத்தான் முடியாது, யாருக்காவது கொடுக்க முடியும், பீரோவில் இருக்கிற சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், ஆனால் அண்ணன் என்னைக் கொன்றுவிடுவார் என்றிருக்கிறான். "எம் பேர்லதான இருக்குது," என்று அவள் கேட்டதாகப் பின்னால் என்னிடம் அவனே சொன்னான். யாருக்குக் கொடுப்பதென்று அவள் யோசிக்கவே இல்லையாம். நேராகத் தம்பியின் பட்டறைக்குப் போனாள். அவன் தேய்ந்த பிட்டுகளைத் தீட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்குக் கணக்குத் திறக்க நாலு நாள் ஆனது. பீரோவில் புடவைக்கு அடியிலிருந்த சீட்டுப் புத்தகத்தில் முதல் சீட்டை அவள் கிழித்தது பதினொன்றாம் தேதி.

பதினான்காம் தேதி ரோசலின் எனக்குப் போன் செய்து, உங்கள் வீட்டு அம்மாவின் ரிப்போர்ட் தயார், நீங்களே வந்தால் நல்லது என்றாள். பாவாயிக்கு எப்படி ரிப்போர்ட் வரும் என்று கேட்டேன். வந்திருக்கிறதுங்க என்றாள்.

இடது சிறுநீரகத்தில் கட்டி. எலுமிச்சை அளவு. கோயமுத்தூரில் பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் சிறுநீரகத்தைத் தாண்டவில்லை, தாண்டுவதற்குத் தயாராக நிற்கிறது என்றார். இரண்டு வாரம் விட்டிருந்தால் என்று நான் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பதினெட்டாம் தேதி அந்தச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். இருபத்துநான்காம் தேதி, போனஸ் தேதியன்று, அவள் மூக்கில் குழாயில்லாமல் அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சின் இந்தக் கடைசியில் நானும் அந்தக் கடைசியில் அத்தியப்பனும் பத்து நாள் உட்கார்ந்திருந்தோம். பேசவில்லை. டீ வாங்கி வருகிறவன் இரண்டு வாங்கி வந்து நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

நான் ஊருக்குத் திரும்பியபோது பெண்கள் பீரோவைத் திறக்க ஆரம்பித்திருந்தார்கள். பாவாயி கதை சந்தைக்குப் போய், ரேஷன் கடைக்குப் போய், வையாபுரியின் மனைவி காதுக்கும் போய், அந்த அம்மாள் மாவுக்கட்டுப் பிரித்த கையாலேயே முதல் கையெழுத்தைப் போட்டாள். ஆனால் பாவாயி மாதிரித் தம்பிக்குக் கொடுக்கவில்லை. நம் தலையிலிருந்து இறக்கி இன்னொருத்தன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்று சொல்லி, நேராகப் பெரிய மாரியம்மன் பேரில் எழுதிக் கொடுத்தாள். அம்மனுக்கு ரத்தம் பார்க்க வேண்டியதில்லை. ஆடி முதல் வெள்ளியன்று கூழ் வாங்க நின்ற வரிசைக்குப் பக்கத்தில் சீட்டுக் கொடுக்க இன்னொரு வரிசை நின்றது, கிருபாகரன் மேஜை போட்டு உட்கார்ந்து வாங்கி வைத்துக்கொண்டான். ஆண்கள் கத்திப் பார்த்தார்கள், சங்கம் இரண்டு கூட்டம் போட்டது, சாமிக்குப் போனதைத் திருப்பிக் கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த வருடக் கம்பெனி அறிக்கையில் பெரிய பங்குதாரர் பட்டியலில் பம்பாய் நிதி நிறுவனங்களுக்கு நடுவே ஏழாவதாக எங்கள் மாரியம்மன் பேர் இருந்தது. அம்மனுக்கு அம்மை போட்டாலும் இனிமேல் தெரியாது என்று டாக்டரம்மா சிரித்தார்.

என் நானூறு மட்டும் எண்ணூறாகி அத்தியப்பன் பேரில் கிடந்தது. பாவாயிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும், அதனால் அவள் பேருக்குத் திரும்ப முடியாது. அதையும் அம்மனுக்கு எழுதிவிடச் சொல்லி அவள் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் மாட்டேன் என்றான். "அக்கா குடுத்தது அக்காளோட போச்சு. காசு மாமாவோடது. அவரு வந்து வாயத் தொறந்து கேக்கட்டும்," என்று கிருபாகரனிடம் சொல்லியிருக்கிறான். நான் போய்க் கேட்பதற்கு அவன் யார் என்று கிருபாகரனிடம் நான் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மாடிப்படி ஏறி இறங்கி அவனுக்கு முழங்கால் வலி வந்தது.

கார்த்திகை வாக்கில் அத்தியப்பன் இளைத்துவிட்டான் என்று பேச்சு வந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிடுகிறான் என்றார்கள். ரோசலினிடம் போய்ப் பார்த்திருக்கிறான், தொண்ணூற்றெட்டு வந்திருக்கிறது, அவள் பலகையைக் காட்டியிருக்கிறாள், அவன் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பாவாயி அன்றைக்கு எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க போயி ஒரு வார்த்தை கேட்டுருங்க," என்றாள்.

"அவன் எழுதிக் குடுக்க வேண்டியதுதான. நானா தடுக்கறேன்?"

"எம் பேர்ல போட்டப்ப உங்களுக்குப் பயமில்ல. அவம் பேர்ல கெடக்கறப்பவும் பயமில்ல. உங்க பேர்ல மாத்திக்கலாம்னு இத்தன நாள்ல ஒருக்காவாச்சும் தோணுச்சுங்களா?"

தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தோன்றியது, கிருபாகரனும் கேட்டான், ஊரும் அப்படித்தான் எதிர்பார்த்தது. நான்தான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளினேன். எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, அப்பாவுக்கு நெஞ்சுவலி, இந்த வயசில் மிஷின் இல்லாமல் இருக்க முடியுமா என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அவளிடம் இதைச் சொல்ல முடியாது. சோற்றைத் தின்று முடித்துக் கை கழுவினேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் அம்மன் பேருக்கு எழுதிக் கொடு, அம்மன் பேருக்கு எழுதிக் கொடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவன் கிரைண்டரில் பிட்டைப் பிடித்திருந்தான், தீப்பொறி அவன் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்கிற இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை வைத்துவிட்டார்கள்.

"மாப்ள," என்றேன்.

கிரைண்டர் நின்றது. சுற்று அடங்கும் வரை அவன் திரும்பவில்லை. திரும்பியபோது கழுத்தெலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தன. பத்தொன்பது வருடத்தில் அவனை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"அந்தப் பங்கை மாத்திக் குடு."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "யாரு பேருக்குங்க மாமா?"

வாய்க்குள் வைத்திருந்தது வேறு, வெளியே வந்தது வேறு. "எம் பேருக்கு," என்றேன்.

அவன் துணியை மடித்து மேஜையில் வைத்தான். "பயமா இருக்குமுங்க," என்றான், ஊர் வானிலை சொல்கிற மாதிரி. "சும்மா உக்காந்திருப்பீங்க, உள்ள என்ன நடக்குதோன்னு வரும். மத்தவங்களுக்கும் வரும், அவிங்க போயிப் பாத்துக்குவாங்க."

"பாவாயி ரெண்டு வருசம் அப்பிடித்தான இருந்தா," என்றேன்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். கிருபாகரன் மாடியில் சீட்டில் கையெழுத்துப் போட்டான். வியாழக்கிழமை அவன் பேர் போனது, வெள்ளிக்கிழமை ரோசலின் ரத்தம் எடுத்தாள், சனிக்கிழமை ஈரோட்டில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, மாத்திரையில் ஆறும் என்றார்கள், ஆறியது. தைப் பொங்கலுக்குள் சட்டை தோளில் நின்றது.

அதற்காக அவன் பாதி ரிக்கை விற்றது சரியென்று ஆகிவிடாது. அன்றைக்குப் பட்டறையில் பேசியதோடு சரி, அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

தீபகிரி இப்போது இருநூற்றைம்பதில் கிடக்கிறது, எண்ணூறு பங்கும் என் பேரில்தான் இருக்கிறது. அம்மனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பாவாயியும் சொல்கிறாள். கொடுப்பேன். அவள் பேரில் அது இரண்டு வருடம் ஒரு மாதம் இருந்தது, என் பேரிலும் அத்தனை நாள் இருக்கட்டும், பிறகு கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏழு மாதம் ஆகியிருக்கிறது. ரத்தக்கொதிப்பு மிஷின் எனக்கு நூற்றிருபதுக்கு எண்பது என்கிறது, அதை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன்.

காலையில் பல் துலக்கியதும் பாவாயி என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்துகிறாள். கீழிமையை இழுத்துப் பார்க்கிறாள், நாக்கை நீட்டச் சொல்கிறாள், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று குனிந்து பார்க்கிறாள், ஒரு சிறுநீரகத்தோடு குனிவதும் நிமிர்வதும் அவளுக்குச் சிரமம்தான், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பார்த்து முடித்ததும் ஒன்றுமில்லை என்கிறாள். மிஷினும் எனக்கு அதையேதான் சொல்லும், ஒரு நொடியில் சொல்லும். இவள் அரை நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்கிறாள், அந்த அரை நிமிடமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.